பனிக்காலத்துக்கு அல்லிக்கிழங்கு எடுத்து வைத்தல்

உறைபனி விழும் ஊர்களில் வெப்பமண்டல அல்லியை வளர்ப்பவர்கள் பலர் அதை ஒரு கோடைக்கு மட்டுமான செடியாகவே நினைத்துக்கொள்கிறார்கள். முதல் பனியில் இலை கருகும். தொட்டி மண்ணோடு குப்பைக்குப் போகும். அடுத்த ஆண்டு புதுச் செடி வாங்குவார்கள். அப்படிக் கொட்டப்படும் சேற்றுக்குள் பாக்கு அளவில் கறுத்த கிழங்கு ஒன்றாவது பெரும்பாலும் இருந்திருக்கும். ஒரு டப்பா ஈரமணலும் 12 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியும் கிடைத்திருந்தால் அதே செடி அடுத்த கோடையிலும் பூத்திருக்கும். ஒரு கிழங்கிலிருந்து இரண்டு மூன்று செடிகள்கூட எடுத்திருக்கலாம்.

பனிக்காலத்தைத் தாண்ட வேண்டியது கிழங்குதான். செடி போனால் போகட்டும். அந்தக் கிழங்கு முதிர்கிறதா இல்லையா என்பது கோடையின் கடைசி இரண்டு மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. ஜனவரியில் டப்பாவைத் திறந்து, அழுகிக் கிடப்பதைப் பார்த்து மணலையும் ஈரத்தையும் குறை சொல்வோம். ஆனால் தவறு பெரும்பாலும் ஆகஸ்டிலேயே நடந்திருக்கும். (இங்கே சொல்லும் மாதங்கள் எல்லாம் வட அரைக்கோளக் கணக்கு. தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள்.)

முதலில், உங்களிடம் இருப்பது எந்த அல்லி என்று தெரிந்துகொள்ளுங்கள். குளிர்தாங்கி அல்லிகளுக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. அவற்றுக்கு மண்ணுக்குள் படுத்தவாக்கில் வளரும் தடித்த மட்டத்தண்டு உண்டு. குளத்தின் அடிவரை உறையாமல் இருந்தால் போதும், பனிக்கட்டிக்கு அடியிலேயே உறங்கிவிட்டு வசந்தத்தில் தளிர்க்கும். அவற்றின் இலை விளிம்பு மழமழவென்று இருக்கும். பூ பெரும்பாலும் நீரில் மிதக்கும். வெப்பமண்டல அல்லிக்கு இலை விளிம்பு பல்பல்லாகவோ நெளிநெளியாகவோ இருக்கும். பூக்காம்பு நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாணுக்குக் குறையாமல் நிமிர்ந்து நிற்கும். நீலப்பூ என்றால் ஏறக்குறைய உறுதியாக வெப்பமண்டலம்தான். இரவில் மலர்வது என்றால் ஐயமே வேண்டாம். நாம் நீலோற்பலம் என்று சொல்லும் நிம்ஃபேயா நௌச்சாலி பகலில் மலரும் கூட்டத்தைச் சேர்ந்தது. செவ்வல்லியான நிம்ஃபேயா ரூப்ரா நிலவுக்கு மலரும் கூட்டம். இரண்டும் கிழங்கு வைப்பவை.

இந்தக் கிழங்கு எதற்காக என்று யோசித்தால் பாதுகாக்கும் முறையும் தானாக விளங்கும். வெப்பமண்டலக் குளங்களில் உறைபனி ஏது? அங்கே அல்லிக்கு வரும் சோதனை வறட்சி. குளம் வற்றினாலும் ஆம்பல் குளத்தை விட்டுப் போவதில்லை. இலையையும் வேரையும் உதறிவிட்டு, உலர்ந்துவரும் சேற்றுக்குள் கிழங்காக ஒடுங்கி மழைக்குக் காத்திருக்கும். ஆக, கிழங்கு தாங்குவது நீரின்மையை, கடுங்குளிரை அல்ல. நாம் பனிக்காலத்தில் அமைத்துக் கொடுப்பது குளிர்ச்சியான, வற்றிய குளத்தின் சேறு: லேசான ஈரம், இருட்டு, 10 முதல் 13 டிகிரி. அதைவிடக் குளிர்ந்தால் கிழங்கின் திசு சிதைந்து அழுகத் தொடங்கும். அதைவிடச் சூடானால் மழை வந்துவிட்டதென்று நம்பி முளைத்துவிடும்.

ஆகஸ்டில் செய்ய வேண்டியது

கோடை முழுக்க நன்றாக உரமூட்டி, பெரிய தொட்டியில் ஒன்றரை மீட்டர் பரப்புக்கு இலை விரித்து, நாளுக்கு நான்கு பூ பூத்த செடியின் அடியில் பனிக்காலம் நெருங்கும்போது கிழங்கே இல்லாமல் இருப்பது வழக்கமாக நடப்பது. வளர்ச்சிக்கு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும்வரை செடிக்குச் சேமிக்கும் எண்ணம் வராது. நாள் குறுக வேண்டும், இரவு குளிர வேண்டும், வேருக்கு இடமும் சத்தும் தட்டுப்பட வேண்டும். அப்போதுதான் மாவுச்சத்து கீழே இறங்கும்.

உங்கள் ஊரில் முதல் உறைபனி வழக்கமாக விழும் தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். அன்றோடு உர வில்லைகளை நிறுத்திவிடுங்கள். அக்டோபர் நடுவில் உறைபனி என்றால் ஆகஸ்ட் நடுவில் கடைசி உரம். பூ குறையும், இலை சிறுக்கும், பழைய இலை மஞ்சளாகும். அதைப் பார்த்து மனம் இளகி இன்னொரு வில்லையைச் செருகிவிடாதீர்கள். மஞ்சளான இலையை மட்டும் காம்போடு நறுக்கி எடுங்கள், பச்சை இலையைத் தொட வேண்டாம். கிழங்கை நிரப்புவது அந்த இலைகள்தான்.

இதைவிட உறுதியான வழி, ஒவ்வொரு ரகத்திலும் ஒரு செடியைச் சிறு தொட்டியில் ‘விதைக்கிழங்குக்காக’ ஒதுக்கி வளர்ப்பது. 10 முதல் 12 செ.மீ. விட்டமுள்ள தொட்டி, அரை லிட்டர் மண், கோடை தொடக்கத்தில் அரை வில்லை உரம், அதன் பிறகு ஒன்றுமில்லை. அது பூக்கலாம், பூக்காமலும் போகலாம். கவலைப்பட வேண்டாம். செப்டம்பருக்குள் வேர் தொட்டியை அடைத்துக்கொண்டு, செடியின் அடிக்கட்டைக்குக் கீழே கெட்டியான கிழங்கு ஒன்று உருண்டிருக்கும். பெரிய செடியைப் பூவுக்கும், சின்னச் செடியை அடுத்த ஆண்டுக்கும் என்று பிரித்துக்கொள்வதுபோல நிம்மதி வேறில்லை.

எல்லா ரகமும் ஒன்றுபோலக் கிழங்கு வைப்பதில்லை. இரவில் மலரும் அல்லிகள் பொதுவாகத் தாராளமாக வைக்கும். பகலில் மலர்பவற்றில் நிம்ஃபேயா கொலராட்டா சிறு கிழங்குகளைக் கொத்தாகக் கொடுக்கும். இலையில் குஞ்சு, அதாவது குட்டிச்செடி, வைக்கும் ரகங்களுக்குக் கிழங்கை நம்பவே தேவையில்லை. அதைப் பின்னால் பார்ப்போம். ஆஸ்திரேலிய அல்லியான நிம்ஃபேயா ஜைஜான்டியாவும் அதன் கலப்புகளும் குளிரைக் கண்டதும் சட்டென்று ஒடுங்கிவிடும். திரும்ப எழுப்ப மற்றவற்றைவிட அதிகச் சூடு கேட்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

எப்போது தூக்குவது

காற்றின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் வெப்பத்தை அளவிடுங்கள். தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டித் தொட்டியின் ஆழத்தில் விடுங்கள். தண்ணீர் 18 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வளர்ச்சி நின்றுவிடும். 13க்கு வரும்போது செடி உறக்கத்துக்குத் தயாராகிவிட்டது. அந்த 10 முதல் 13 டிகிரிக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டுவிடுவது நல்லது. முதல் ஒன்றிரண்டு லேசான உறைபனி மேலிலையைக் கருக்கினால் கேடில்லை; கிழங்கு தண்ணீருக்கடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் 10க்குக் கீழே நாள்கணக்கில் நீடிக்க விடக் கூடாது. ஆழமில்லாத தொட்டியில் நீர்மேல் பனிக்கட்டி கட்டும் நிலை வந்தால் அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

அவசரப்பட்டு செப்டம்பர் வெயிலிலேயே தூக்குவது இன்னொரு பிழை. பச்சை இலை இருக்கும் ஒவ்வொரு வாரமும் கிழங்குக்குச் சோறு.

தூக்கிய தொட்டியை ஒரு நாள் சாய்த்து வைத்து நீரை வடியுங்கள். மண்கட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் நீரை மிதமாகப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து எடுங்கள். இலைக்காம்புகளை 5 செ.மீ. விட்டு நறுக்குங்கள். காம்புகள் எல்லாம் கிளம்பும் அடிக்கட்டையைப் புரட்டினால் அதன் கீழ்ப்புறத்தில் கிழங்கு ஒட்டியிருக்கும். சில செடிகளில் ஒன்று, சிலவற்றில் ஐந்தாறு. பட்டாணி அளவு முதல் சிறு எலுமிச்சை அளவு வரை இருக்கும். கரைந்த சேற்றையும் ஒரு சல்லடையில் ஊற்றிப் பாருங்கள், உதிர்ந்த சிறு கிழங்குகள் அதில் அகப்படும்.

கிழங்கின் முதிர்ச்சியை விரலே சொல்லிவிடும். முதிர்ந்தது கருப்பழுப்பாக, கொட்டைபோல் கெட்டியாக இருக்கும். கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் ‘டக்’கென்று விட்டுவிடும், விட்ட இடம் காய்ந்த தழும்புபோல் மூடியிருக்கும். முதிராதது வெளுப்பாக, பஞ்சுபோல் அமுங்கும், கட்டையோடு சதை சதையாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டாவதைக் கத்தியால் அறுத்துப் பிரிப்பதுதான் பனிக்கால அழுகலுக்கு முதல் காரணம். வெட்டுவாயில் நுழையும் பூசணம் மூன்று வாரத்தில் முழுக் கிழங்கையும் கூழாக்கிவிடும்.

விடாமல் ஒட்டியிருந்தால் கட்டையோடு விட்டுவிடுங்கள். வேரையெல்லாம் நறுக்கிவிட்டு, கட்டையை ஒரு வாளி சுத்தமான நீரில், 18 முதல் 20 டிகிரியில், இருட்டான இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் போட்டுவையுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை நீரை மாற்ற வேண்டும். இந்த வாரங்களில் கட்டையில் மிச்சமிருக்கும் சத்து கிழங்குக்கு இறங்கும். பிறகு கட்டை தானாக அழுகிக் கழன்றுகொள்ளும், கிழங்கு சுத்தமாகக் கையில் வரும். நாற்றம் கடுமையாக இருக்கும். புழங்கும் அறையில் வைக்காதீர்கள். நாற்றத்துக்குப் பயந்து பாதியில் எடுப்பவர்களுக்குத்தான் கிழங்கு கெடுகிறது. எடுத்தபின் மென்மையான பல்துலக்கும் தூரிகையால் அழுகல் நாரைத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் நிழலில் தாளின்மேல் வையுங்கள். மேல்தோல் உலர்ந்தால் போதும். இரண்டு மூன்று நாள் வெளியே கிடந்தால் சுருங்கத் தொடங்கும்.

மணல், ஈரம், இடம்

கட்டட வேலைக்கான கரடுமுரடு மணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவையுங்கள். கடல்மணல் ஆகாது, உப்பு கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும். காய்ந்த மணல் ஒரு லிட்டருக்கு 80 முதல் 100 மில்லி தண்ணீர், அவ்வளவுதான். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கினால் சொட்டு விழக் கூடாது. கையைத் திறந்தால் பிடித்த வடிவம் ஒரு கணம் நின்று உடைய வேண்டும். மணலுக்குப் பதில் பீட் பாசியும் (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) பயன்படுத்தலாம். அதை நனைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்து, இனி நீர் வராது என்ற நிலையில் எடுங்கள். நீருக்கு எளிதில் கணக்கு வைக்க முடிவதால் மணலே மேல் என்பது என் முடிவு.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் 3 செ.மீ. மணல் பரப்பி, கிழங்குகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, மேலே 3 செ.மீ. மூடுங்கள். தொடாமல் வைப்பது முக்கியம். ஒன்று அழுகினால் அழுகல் பக்கத்துக் கிழங்குக்குத் தாவாது. மூடியில் குண்டூசித் துளை இரண்டு மூன்று போதும். ரகத்தின் பெயரைப் பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் எழுதி, டப்பாவுக்கு உள்ளேயே செருகுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். கிழங்கைப் பார்த்து எந்த நிறப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி இடம். டப்பாவை வைக்கும் முன்பே, குறைந்த வெப்பத்தையும் கூடிய வெப்பத்தையும் பதிவுசெய்யும் தெர்மாமீட்டர் ஒன்றை அந்த இடத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வெப்பமூட்டாத நிலவறையின் உட்சுவர்ப் பக்கம் பெரும்பாலும் சரியாக அமையும். கார் நிறுத்தும் கொட்டகை கடுங்குளிர் இரவில் உறைந்துவிடும், வேண்டாம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி பெரும்பாலான வெப்பமண்டலக் கிழங்குகளுக்குத் தாங்காத குளிர். காய்கறித் தட்டில் வைத்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒயின் புட்டிகளுக்கான சிறு குளிர்பெட்டி வீட்டில் இருந்தால் அதை 12க்குத் திருப்பி வைப்பது மிகச் சிறந்த ஏற்பாடு. எலி நடமாடும் இடமென்றால் டப்பாவை ஒரு தகரப் பெட்டிக்குள் வையுங்கள். அல்லிக்கிழங்கு மாவுச்சத்து நிறைந்தது, எலி தேடி வரும்.

மணல் வேண்டாம் என்பவர்கள் தண்ணீரிலும் வைக்கலாம். ஒரு சிறு ஜிப் பையில் ஒரே ஒரு கிழங்கு, அது மூழ்கும் அளவு காய்ச்சி வடித்த நீர், அதே 10 முதல் 13 டிகிரி. பையைத் திறக்காமலே நிலைமையைப் பார்க்கலாம் என்பது இதன் நன்மை. நீர் கலங்கினால் அன்றே கழுவி நீரை மாற்றுங்கள். பல கிழங்குகளை ஒரே ஜாடியில் போட்டால் இந்த நன்மை முழுவதும் போய்விடும்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பது அவசியம். மெத்தென்று அமுங்கி நாறினால் அழுகல். அதையும் அதைச் சுற்றிய ஒரு கைப்பிடி மணலையும் எறிந்துவிடுங்கள். ஒரு முனை மட்டும் கெட்டிருந்தால் வெள்ளைச் சதை தெரியும்வரை செதுக்கி, வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூளோ கந்தகத்தூளோ தடவி, தனி டப்பாவில் வைத்துப் பார்க்கலாம். பாதிக்குப் பாதி தேறும் என்றுகூட எதிர்பார்க்காதீர்கள். தோல் சுருங்கி எடை குறைந்திருந்தால் ஈரம் போதவில்லை. மணலில் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் தெளித்தால் போதும், கிழங்கை நீரில் ஊறப்போட வேண்டாம். வெள்ளை முளை தலைநீட்டினால் இடம் சூடாகிவிட்டது என்று பொருள். டிசம்பரிலேயே முளைத்துவிட்ட கிழங்கைத் திரும்ப உறங்கவைக்கப் போராடுவதைவிட, அதை மட்டும் விளக்கடிக்குக் கொண்டுபோய் வளர்ப்பதே மேல்.

மண்ணைக் கரைத்துக் கிழங்கு தேட நேரமில்லாதவர்களுக்கு ஒரு சுருக்குவழி: நீர் வடிந்த சிறுதொட்டியை அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதே குளிர்ச்சியில் வைத்துவிடுங்கள். மண் சேறாகவும் இருக்கக் கூடாது, வெடிக்கவும் கூடாது. 12 செ.மீ. தொட்டிக்கு இது நன்றாகவே நடக்கும். 20 லிட்டர்த் தொட்டிக்கு நடக்காது. அவ்வளவு பெரிய மண்கட்டியின் நடுவில் காற்றில்லாமல் வேர்கள் அழுகும்போது கிழங்கும் சேர்ந்து போகும்.

விளக்கடியில் உயிரோடு வைத்திருப்பது

செடியை உறங்கவிடாமல் பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் வளர்க்கவும் முடியும். முடியும் என்பதற்காக எல்லாச் செடிக்கும் செய்ய வேண்டியதில்லை. கிழங்கே வைக்காத செடி, இலைக்குஞ்சுகள், முன்கூட்டி முளைத்துவிட்டவை ஆகியவற்றுக்கு மட்டும் இதை ஒதுக்குங்கள். கணக்குப் பாருங்கள்: 40 வாட் எல்இடி விளக்கு நாளுக்கு 13 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட் சொச்சம். 100 வாட் ஹீட்டர் பாதி நேரம் ஓடினால் 1.2 யூனிட். ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 260 யூனிட். கிழங்கு டப்பாவுக்கு ஒரு யூனிட்கூட வேண்டாம்.

60 லிட்டர் மீன்தொட்டியோ அகலமான பிளாஸ்டிக் தொட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தைவிட அகலம் முக்கியம், 25 செ.மீ. நீர் போதும். தண்ணீர் 22 முதல் 24 டிகிரி. விளக்கு நீர்மட்டத்துக்கு 20 முதல் 30 செ.மீ. உயரத்தில், டைமர் வைத்து நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். ஜன்னலோர வெளிச்சத்தை மட்டும் நம்பினால் காம்பு நூலாக நீண்டு, இலை காசளவுக்குச் சிறுத்து, பிப்ரவரிக்குள் செடி களைத்துவிடும். பெரிய செடியைக் கொண்டுவந்தால் மூன்று நான்கு இளம் இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நறுக்கி, 12 முதல் 15 செ.மீ. தொட்டிக்கு மாற்றுங்கள். உரம் வேண்டாம், இந்த வெளிச்சத்தில் போடும் உரம் பாசிக்குத்தான் போய்ச் சேரும். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரை, அதே வெப்பமுள்ள நீரால் மாற்றுங்கள். கடின நீரை உப்பால் மென்மையாக்கும் கருவியின் நீர் ஆகாது. அதில் சோடியம் மிகும்.

ஹீட்டர் முழுவதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் சுவரைத் தொடக் கூடாது. பனிக்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டிருப்பதால் நீர்மட்டம் எதிர்பார்ப்பதைவிட வேகமாக இறங்கும். இறங்கிய நீரில் வெளியே நீட்டிய ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும். கசிவு மின்சாரத்தில் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புள்ள பிளக்கிலேயே இணையுங்கள். மின்கம்பி சுவருக்குப் போகும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து தொங்கட்டும். கம்பி வழியே ஓடிவரும் நீர் பிளக்குக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

வீட்டுக்குள் பெரிய பகை அசுவினி. வெளியே பொறிவண்டும் மழையும் அதை அடக்கி வைத்திருக்கும். உள்ளே தடையில்லாமல் பெருகும். இலையின் அடிப்புறம், காம்பு, மொட்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரும் முன்பே நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். மீன் இருக்கும் தொட்டியில் சோப்புக் கரைசலோ பூச்சிமருந்தோ தெளிக்கவே கூடாது. மிகுந்துவிட்டால் பாதிக்கப்பட்ட இலையை நறுக்கி எறிவதுதான் விரைவான மருந்து. அல்லி வாரத்துக்கு ஓர் இலை விடும் செடி, இழப்பைத் தாங்கும்.

இலையில் குஞ்சு வைக்கும் ரகங்கள் இந்த முறைக்கென்றே பிறந்தவை. டாபென், 1914இல் அல்லி வளர்ப்பாளர் வில்லியம் ட்ரிக்கர் உருவாக்கிய பனாமா பசிபிக், டீனா போன்றவற்றில் முதிர்ந்த இலையின் நடுவே, காம்பு இலையைச் சேரும் இடத்தில் ஒரு சிறு குமிழ் எழும்பும். அதிலிருந்து குட்டி இலைகளும் வேரும் வரும். குஞ்சு மூன்று இலை விட்டதும் தாயிலையை 5 செ.மீ. வட்டமாக நறுக்கி எடுத்து, 8 செ.மீ. தொட்டியில் ஈரமண்ணின்மேல் வைத்து, கூழாங்கல் ஒன்றை லேசாக அழுத்தி, 5 செ.மீ. நீரடியில் இறக்குங்கள். பத்துப் பதினைந்து நாளில் வேர்பிடிக்கும். ஒரு சின்ன மீன்தொட்டியில் ஆறேழு குஞ்சுகள் வசதியாகப் பனிக்காலம் கழிக்கும். குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும் டாபென், நல்ல விளக்கு இருந்தால் பனிக்காலத்திலேயே ஒரு பூ காட்டிவிடுவதும் உண்டு. ஆகஸ்ட் செப்டம்பரில் குஞ்சுகளைச் சேகரித்துவிடுங்கள். தண்ணீர் குளிர்ந்தபின் எடுத்தவை வேர்பிடிக்கத் திணறும்.

எழுப்புதல்

வெளித்தொட்டி நீர் 21 டிகிரிக்கு வந்து, இரவிலும் அங்கேயே நிற்கும் தேதி எது என்று கணக்கிடுங்கள். அதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்னால் கிழங்கை எடுத்தால் சரியாக இருக்கும். ஜூன் தொடக்கம் என்றால் மார்ச் இறுதி. ஆர்வத்தில் பிப்ரவரியில் தொடங்கினால், ஏப்ரலில் வீட்டுக்குள் வைக்க இடமில்லாத அளவு வளர்ந்த செடிகளோடு நிற்பீர்கள்.

கழுவிய கிழங்கைக் கண்ணாடி ஜாடியில் 10 செ.மீ. நீரில் போட்டு, 24 முதல் 27 டிகிரியில், நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். வெப்பம் இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். 20 டிகிரியில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கிழங்கு 26இல் பத்து நாளில் கண்விழிக்கும். நாற்றுகளுக்கு அடியில் வைக்கும் சூட்டுவிரிப்பு இதற்கு நல்ல துணை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஒன்று முதல் மூன்று வாரத்தில் நுனியிலிருந்து மெல்லிய வெள்ளைக் கழுத்து ஒன்று நீளும். அதன் தலையில் குட்டிச்செடி பிறக்கும். முதலில் அம்புபோன்ற நீரடி இலைகள், பிறகு மிதக்கும் இலைகள், கழுத்தும் இலையும் சேரும் இடத்தில் தனி வேர்கள்.

இந்த இடத்தில்தான் அல்லிக்கிழங்கின் பெருந்தன்மை தெரியும். குட்டிக்கு மூன்று மிதக்கும் இலையும் 4, 5 செ.மீ. வேரும் வந்ததும், கழுத்தைக் கிழங்கருகே கிள்ளிப் பிரித்து, 10 செ.மீ. தொட்டியில் நடுங்கள். கிழங்கை எறியாமல் ஜாடிக்கே திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது குட்டி விடும், சமயத்தில் மூன்றாவதும். கிழங்கோடு சேர்த்தே நட்டால் பல தலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, எல்லாம் சோனியாகி, பூக்காத புதராக நிற்கும். வேர் வரும் முன்பே பிரிப்பது எதிர்ப்பக்கப் பிழை. வேரில்லாத குட்டி இரண்டு வாரம் மிதந்துவிட்டு மறைந்துபோகும்.

நடும் மண் கனமான தோட்ட மண்ணாக, களிப்பாங்காக இருக்கட்டும். மக்கு, இலையுரம், பீட் கலந்த பூந்தொட்டி மண் வெதுவெதுப்பான நீரில் புளித்து, குமிழி விட்டு, இளவேரைக் கருக்கிவிடும். மண்மேல் ஒரு விரற்கடை மணல் பரப்பி, குருத்து மணலுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். குருத்து புதைந்தால் அழுகும். தொட்டிக்கு மேலே 5 முதல் 8 செ.மீ. நீர் போதும். இலை பெருக்கப் பெருக்க 15 செ.மீ. தொட்டிக்கு மாற்றி, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து 10-14-8 என்ற அளவில் உள்ள நீர்த்தாவர வில்லையில் பாதியை வேருக்குக் கீழே அழுத்துங்கள்.

வெளியே வைக்கும் நாளில் பொறுமை காட்டுங்கள். மே மாதத்தில் நான்கு நாள் வெயில் அடித்ததும் கை பரபரக்கும். 18 டிகிரிக்குக் கீழுள்ள நீரில் இறக்கிய இளஞ்செடி சாவதில்லை. அதைவிட மோசமாக, மீண்டும் பனிக்காலம் வந்துவிட்டதென்று எண்ணி இலையை உதிர்த்துக் கிழங்காக ஒடுங்கிவிடும். ஒருமுறை ஒடுங்கினால் ஜூலை வெயிலுக்கும் அசையாமல் ஒரு பருவத்தையே வீணாக்கலாம். இரண்டு வாரம் தாமதமாக இறக்கிய செடி, முந்தி இறக்கியதை ஜூலைக்குள் எளிதாகத் தாண்டிப் போகும். விளக்கடியில் வளர்ந்த இலை நேர்வெயிலில் பொசுங்கும் என்பதால் முதல் நான்கு நாள் நிழல்வலை போடுங்கள். வெளியே விடும் புதிய இலைகளுக்கு அது தேவைப்படாது. 15 முதல் 20 லிட்டர்த் தொட்டி, முதலில் 15 செ.மீ. ஆழம், பிறகு 30. உரம் 4 அல்லது 5 லிட்டர் மண்ணுக்கு 10 கிராம் வில்லை ஒன்று, மாதம் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவரை.

எல்லாக் கிழங்கையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிட வேண்டாம். ஒவ்வொரு ரகத்திலும் கெட்டியான கிழங்கு ஒன்றையாவது மணலிலேயே விட்டு, வெளியே இறக்கிய செடி வேர்பிடித்துப் புது இலை விரிப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை 12 டிகிரியிலேயே வைத்திருங்கள். மே மாதப் பின்பனி ஒன்று எல்லா இளஞ்செடியையும் கருக்கிவிட்டாலும், அந்த ஒரு கிழங்கை ஜூனில் வெதுவெதுப்பான நீரில் போட்டால் ஆகஸ்டில் பூ பார்த்துவிடலாம்.